வெற்றுத் தோட்டா

ஈழத்துத் தமிழிலே 'துவக்கு' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உள. ஒன்று, தொடங்கு என்னும் ஏவல், மற்றையது, சுடுகருவி. கருவியின் பெயர் துருக்கி மொழியிலிருந்து பல கைமாறி எம்மிடம் வந்தது. ஏவலோ எமது சொந்தச் சொல். வேறு வேறு வழியில் வந்த இவ்விரு சொற்களும் எம்மவர் நாவில் ஒன்றாகிவிட்டமையை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தோன்றும். எதனையும் துவக்குதல் எளிது. துவக்கியதை முடித்து வைத்தலே அரிது. நிரப்பப்பட்ட துவக்கினை மீண்டும் வெறுமையாக்குதல் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன். கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு இப்பொருளில் என்ன ஈடுபாடு என வாசகர் வினவலாம். விடை தெமட்டகொடையில் இருக்கின்றது.

2008ஆம் ஆண்டு, எனக்கு ஆறு வயது. தெமட்டகொடையிற் புகையிரத இயந்திரங்கள் தரித்து நிற்கும் கொட்டகைக்கு அண்மையில், ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில், இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீட்டிலே குடியிருந்தோம். வீட்டின் பின்புறத்திற் கால்வாய். கோயில் திருவிழா ஒன்றிலே அப்பா எனக்கு ஒரு விளையாட்டுத் துவக்கு வாங்கித் தந்தார். கறுப்பு நிறத் தகரத்தாலானது. சிவப்புக் கடதாசிச் சுருளிலே புள்ளி புள்ளியாக மருந்து வைத்த கேப்பை அதன் வயிற்றுட் செருகி விசையை இழுத்தால் 'டப்' என வெடிக்கும். மெல்லிய புகை எழும். அந்தப் புகையின் மணம் இன்றும் என் நினைவில் உண்டு.

அன்றிரவு எங்கள் ஒழுங்கையிலே தேடுதல். அக்காலத்திற் கொழும்பில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது புதிதன்று. முன்வீட்டுக் கதவு தட்டப்படும் ஓசை கேட்டதும், அம்மா என் தலையணையின் கீழிருந்த துவக்கை எடுத்துக்கொண்டு இருளிற் பின்வாசலுக்குப் போனார். சீருடையினர் வந்தார்கள்; அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள்; போனார்கள். விடிந்த பின் துவக்கைத் தேடினேன். அது கால்வாய்க்குள் என்று தெரிந்ததும் இரண்டு நாள் அழுதேன்.

“அது வெறும் விளையாட்டுச் சாமான் தானே அம்மா?”

“வெறும் எண்டு ஆர் தம்பி நம்புவினம்?”

அக்கேள்விக்கு விடை சொல்ல எனக்கு அப்போது வயது போதாது. பின்னர் வயது வந்தபோதும் விடை வரவில்லை.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' என்ற திரைப்படத்தைத் தொலைக்காட்சியிற் பார்த்து, தமிழ் பேசும் கௌபோய்களைக் கண்டு மகிழ்ந்தேன். அப்பாவோ, 1972இல் எம். கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா' ஆகியவையே அசல் என்று சாதிப்பார். சிவகாசியில் 1984இல் தொடங்கிய லயன் கொமிக்சிலே ரெக்ஸ் வில்லர் கதைகளை அவர் சேர்த்து வைத்திருந்தார். கொமிக்சும் சிவகாசியிலிருந்து வந்தது. கேப்பு வெடியும் அவ்வூர்த் தொழில்தான். ரெக்ஸ் வில்லரோ 1948இல் இத்தாலியிற் பிறந்தவர். அமெரிக்கப் பாலைவனம் இத்தாலிக்குப் போய், சிவகாசிக்கு வந்து, அங்கிருந்து தெமட்டகொடைக்கு வந்து சேர்ந்த கதை தனியே எழுதத்தக்கது. எனினும் அப்படங்கள், கதைகள் யாவற்றிலும் ஒரு குறையைச் சிறுவயதிலேயே கண்டேன். கதாநாயகன் சுட்டுக்கொண்டே இருப்பான். தோட்டா நிரப்புவதை மட்டும் காண்பதரிது. வெறுமையாக்குவதை ஒருபோதும் கண்டதில்லை.

அக்குறை நீங்கியது என் மாமாவினாலே. அம்மாவின் தம்பியாகிய அவர் 1990களிற் கனடா சென்றவர். ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கின்றார். அவருடன் பணியாற்றி ஓய்வுபெற்ற கனடியர் ஒருவர் கௌபோய் சுடுகலை விளையாட்டில் ஈடுபாடுடையவர். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடன் பார்வையாளராகப் போவார். மாலையிலே தொலைபேசியில் எனக்கு விவரிப்பார். அம்மா அருகில் இல்லாத வேளை பார்த்தே இவ்வுரையாடல் நடைபெறும்.

இவ்விளையாட்டு 1980களின் தொடக்கத்திலே தென் கலிபோர்னியாவில் உருவாயிற்று. 1987இல் அதற்கென ஒரு சங்கமும் அமைந்தது. பங்குபற்றுவோர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேற்குப் புலத்தின் உடையணிந்து வருவர். ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. அப்பெயராலேயே சங்கத்திற் பதிவுசெய்யப்படுவர். “நான் சேர்ந்தால் பண்டாரவன்னியன் எண்டுதான் வைப்பன்” என்று மாமா சிரிப்பார். ஆயுதங்கள் நான்கு: இரு றிவோல்வர்கள், நெம்புகோலால் இயங்கும் றைபிள் ஒன்று, சன்னத் துவக்கு ஒன்று. யாவும் 1900ஆம் ஆண்டுக்கு முற்பட்ட அமைப்பினவாக இருத்தல் வேண்டும். குறிகளோ அருகிலே நிறுத்தப்பட்ட பெரிய உருக்குத் தகடுகள். குண்டு பட்டால் மணியோசை போல ஒலிக்கும். வெற்றியை நிருணயிப்பது நேரம். தவறவிட்ட ஒவ்வொரு குறிக்கும் ஐந்து வினாடி கூட்டப்படும்.

கருவித் தெரிவு பற்றி மாமா சொன்னவற்றுள் என்னைக் கவர்ந்தவை சில. 1873ஆம் ஆண்டிலே இரு புகழ்பெற்ற கருவிகள் தோன்றின: கோல்ற் நிறுவனத்தின் றிவோல்வர், வின்செஸ்ரர் நிறுவனத்தின் நெம்புகோல் றைபிள். சில ஆண்டுகளின் பின் கோல்ற் நிறுவனம், வின்செஸ்ரர் றைபிளின் தோட்டாவையே ஏற்கும் றிவோல்வரைச் செய்யலாயிற்று. இடுப்பில் ஒரு தோட்டாப் பட்டி இருந்தால் இரண்டுக்கும் போதும். நெடுந்தொலைவு பயணஞ் செய்த மனிதனுக்கு இது எத்துணை வசதியென்பதை விளக்க வேண்டியதில்லை. இன்றைய விளையாட்டாளர் பலரும் அதே நியாயத்தாலே இரு வகைக் கருவிக்கும் ஒரே தோட்டாவைத் தெரிவு செய்கின்றனர். பழைய அசல் கருவிகள் அரியனவும் விலைமிக்கனவுமாதலால், 1959இல் இத்தாலியில் நிறுவப்பட்ட உபேர்ட்டி போன்றோர் செய்யும் மறுவார்ப்புகளே பெரும்பாலும் பயன்படுகின்றன. ரெக்ஸ் வில்லரின் நாடே இன்றைய கௌபோய்களுக்குத் துவக்கும் செய்து கொடுக்கின்றது.

அடுத்த கேள்வி அளவு பற்றியது. வரலாற்றுப் பற்று மிக்கோர் 1870களைச் சேர்ந்த .45 கோல்ற் தோட்டாவை விரும்புவர். விரைவை நாடுவோர் .38 ஸ்பெஷல் தோட்டாவைக் கொள்வர். பின்னையதில் ஈயம் குறைவு, உதைப்புக் குறைவு, செலவும் குறைவு. கையை உலுக்காத கருவியே அடுத்த குறிக்கு விரைவாகத் திரும்பும். ஆதலின் தேர்ந்த ஆட்டக்காரர் பெரிய துவக்கைத் தேடுவதில்லை. தம் கைக்கு அடங்குவதையே தேடுகின்றனர்.

சுட்டுமுடித்த பித்தளைக் கோதுகளை எவரும் வீசுவதில்லை. அவற்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு சென்று, மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவதே வழக்கம். வெடித்த கோது சற்றே விரிந்திருக்கும். அதை அச்சினுள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்வர். எரிந்துபோன கேப்பை அகற்றிப் புதிய கேப்பை வைப்பர். மருந்தை அளந்து இட்டு, ஈயக் குண்டை அமர்த்தி, கோதின் வாயை இறுக்குவர். இதற்கெனப் பொறிகள் இரு வகைப்படும். ஒருமுறை இழுத்தால் ஒரு வேலையை மட்டும் செய்வது ஒன்று. ஒவ்வோர் இழுப்பிலும் பல வேலைகளை ஒருங்கே செய்து முழுத் தோட்டாவைத் தருவது மற்றையது. முன்னது மெதுவானது; ஆனால் ஒவ்வொரு கோதையும் கண்ணாற் பார்க்க இடந்தருவது. நூற்றுக்கணக்கில் வேண்டுவோர் பின்னதை நாடுவர். மாமாவின் நண்பர் இருபது ஆண்டுகளாகியும் முன்னதையே வைத்திருக்கின்றாராம். “எனக்கு அவசரமில்லை” என்பது அவர் கூறும் காரணம்.

எவரும் தோட்டாவை வீட்டில் நிரப்புவது அதன் வலுவைக் கூட்டுவதற்காகவே என நான் எண்ணியிருந்தேன். உண்மை நேர்மாறானது. செலவைக் குறைப்பதற்கு அடுத்தபடியாக, வலுவைக் குறைப்பதற்காகவே இவ்விளையாட்டாளர் நிரப்புகின்றனர். சங்க விதிகளின்படி றிவோல்வர்க் குண்டின் வேகம் வினாடிக்கு 1000 அடியையும், றைபிள் குண்டின் வேகம் 1400 அடியையும் தாண்டலாகாது. குண்டும் வேற்றுலோக உறையற்ற ஈயமாகவே இருக்க வேண்டும். தகட்டிற் பட்டதும் நசுங்கிச் சிதறி வலுவிழப்பதே அதன் பணி. மனிதன் துவக்கைக் கண்டுபிடித்த நாள் முதல் அதன் வலுவைப் பெருக்கவே உழைத்து வந்தான் என்றுதான் வரலாற்று நூல்களிற் படித்தோம். அதன் வலுவை மட்டுப்படுத்துவதிலே கழியும் மாலைப்பொழுதுகளும் உலகில் உள என்பது எனக்குப் புதிய செய்தியாயிற்று.

குறைப்பதிலும் ஆபத்து உண்டு. .45 கோல்ற் போன்ற கோதுகள் கரிமருந்துக் காலத்தில் அமைந்தவை. கரிமருந்து கோதை நிறைத்து நிற்கும். 1880களின் நடுவிற் புகையற்ற மருந்து தோன்றிய பின்னர், சிறிதளவே போதுமாயிற்று. அச்சிறிதளவு, பெரிய கோதின் அடியிற் கிடக்கும். கவனப்பிசகாக இருமுறை மருந்து விழுந்தாலும் கோது வழியாது. கண்டுகொள்ளாது குண்டை அமர்த்திவிட்டால், சுடுபவனின் கையிலேயே துவக்கு வெடிக்கக்கூடும். மருந்தே விழாவிடில், கேப்பின் வலுவால் மட்டும் தள்ளப்பட்ட குண்டு குழலின் நடுவே சிக்கிக்கொள்ளும். அதையறியாது அடுத்ததைச் சுட்டால் அதுவும் பேராபத்து. இதற்கென்றே பொருமிப் பருத்த, நடுவே துளையுள்ள துணுக்குகளாகிய ஒருவகை மருந்தை உருவாக்கினர். டிரெயில் பாஸ் என்பது அதன் பெயர். அதுவும் அண்மைக் காலமாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆதலால் மாமாவின் நண்பர் ஐம்பது கோதுகளைத் தட்டிலே நிரையாக நிறுத்தி, குண்டை அமர்த்துமுன் மேசை விளக்கைச் சரித்து, ஒவ்வொன்றினுள்ளும் உற்று நோக்குவாராம். அவ்வேளையில் வானொலி அணைக்கப்பட்டிருக்கும், எவரும் பேசலாகாது.

தமிழில் வெடிப்பொருளுக்கும் மருந்து என்றே பெயர். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அளவு தப்புவதே நோய்க்கு மூலம் என்பது அதன் தொடக்கக் கருத்து. வள்ளுவர் வெடிமருந்தை அறிந்தவரல்லர். ஆயினும் விளக்கொளியிற் கோதுகளை நோக்கும் அம்முதியவரின் மேசைக்கு அவ்வதிகாரம் பொருந்தி வருவதைக் கண்டு வியந்தேன்.

இவற்றையெல்லாம் கேட்டபோது என் நினைவுக்கு வந்தவர் அம்மப்பா. அவர் நெடுங்கேணிப் பக்கத்து விவசாயி. அவருடைய தகப்பனாரிடம் இருந்தது இடியன் துவக்கு. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தும்பை அடைத்து, கோலால் இடித்து, சன்னங்களை இட்டு, மீண்டும் இடிப்பர். இடித்து நிரப்புவதால் இடியன் என்பது அம்மப்பா தந்த விளக்கம். அம்மப்பா தம் காலத்தில் அனுமதிப்பத்திரத்துடன் பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு ஒன்று வாங்கினார். குழலின் விட்டமளவான பன்னிரண்டு ஈயக் குண்டுகள் ஓர் இறாத்தல் நிறைகொள்ளும் என்பதே அவ்விலக்கத்தின் பொருள். பன்றி வயலிலிறங்கும் இரவுகளிலே பரணில் இருந்து காவல் காப்பார். தோட்டாக்கள் எண்ணிக் கொடுக்கப்பட்ட காலம், எண்ணியே செலவிட்டார்.

2009இல் முகாம் வாழ்க்கை முடிந்தபின் அவரும் அம்மம்மாவும் எங்களிடம் தெமட்டகொடைக்கு வந்தனர். 2014இல் அவர் மறைந்தார். அவ்வைந்து ஆண்டுகளில், திண்ணையில்லாத அந்த வீட்டின் வாசற்படியில் இருந்து அவர் சொன்ன கதைகளே எனக்கு வன்னி. ஒருநாள் கேட்டேன், இடியனுக்கும் தோட்டாத் துவக்குக்கும் என்ன வேறுபாடு என்று.

“இடியனுக்குள்ள போனது திரும்பி வராது மோனே. வெடிச்சுத்தான் வெளியில வரும். தோட்டா எண்டால் திருப்பி எடுக்கலாம். திருப்பி எடுக்கலாம் எண்டதுதான் பெரிய விசயம்.”

விடியற்காலையிற் பரணிலிருந்து இறங்கியதும் அவர் செய்யும் முதல் வேலை துவக்கை மடித்துத் திறந்து தோட்டாவை எடுப்பது. பின்னர் வெறுங்குழலை வானத்தை நோக்கிப் பிடித்து அதனூடாகப் பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மம்மாவிடம் நீட்டுவார். அவரும் பார்த்து, “வெளிச்சம் தெரியுது” என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே துவக்கு வளையில் ஏறும். அயலவர் சிலர் பன்றி வரும் தடத்திலே கட்டுத் துவக்குக் கட்டி, கம்பி இழுத்துவிட்டு வீட்டிற் படுப்பர். அம்மப்பா ஒருபோதும் அதனைச் செய்ததில்லை. வருவது பன்றியோ விறகுக்குப் போகும் பிள்ளையோ என்பது கம்பிக்குத் தெரியாது என்பார். அத்துவக்கு அவரிடமிருந்து எப்போது, எவ்வாறு போயிற்று என்பதை மட்டும் அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

கௌபோய் விளையாட்டில் இரு மேசைகள் உள்ளன என்று மாமா சொன்னபோது அம்மப்பாவின் வெறுங்குழல் என் கண்முன் வந்தது. முதலாவது, நிரப்பும் மேசை. அங்கே ஒருவர் பார்த்திருக்க, ஆறு அறைகள் கொண்ட றிவோல்வரில் ஐந்து தோட்டாக்களே இடப்படும்; அடிக்கும் சுத்தி வெற்றறையின் மேலேயே தங்க வேண்டும். அக்காலக் கருவிகள் தவறி விழுந்தால் தாமே வெடிக்கக்கூடியன; அந்த ஒரு வெற்றறையே காப்பு. ஆட்டம் முடிந்தபின் இரண்டாவது மேசை. அங்கே உருளையை ஒவ்வோர் அறையாகச் சுழற்றி, யாவும் வெறுமையென இன்னொருவர் கண்ணாற் காணும்படி காட்ட வேண்டும். சுட்டவன் தானே தன்னை நம்புதல் போதாது. நிரப்பிய கருவியைக் கீழே போட்டவன் அன்றைய போட்டி முழுவதிலிருந்தும் நீக்கப்படுவான்; வெறுங்கருவியைப் போட்டவனுக்கும் அக்கட்டத்தில் இடமில்லை.

இதனைக் கொண்டு அவ்விளையாட்டை யான் போற்றுகின்றேன் என எவரும் கருதலாகாது. அமெரிக்க மேற்குப் புலத்தின் மெய்வரலாறு விழாக்கோலம் பூணத்தக்கதன்று. அந்நிலத்தின் பழங்குடிகள் அதற்குச் சான்று. கனடாவிலும் 2022 ஒக்டோபர் 21 முதல் தனியார் கைத்துப்பாக்கி வாங்குவதற்குத் தடை வந்தமையால், மாமா விரும்பினாலும் பண்டாரவன்னியன் களமிறங்க வழியில்லை. அது குறித்து அவர் பெரிதும் வருந்தியதாகவும் தெரியவில்லை. என்னைப் பற்றி நின்றது அவ்விரண்டாவது மேசை மட்டுமே. எங்கள் நாட்டில் நிரப்பும் மேசைகள் பல இருந்தன. எல்லாத் திசைகளிலும் இருந்தன. வெறுமை காட்டும் மேசை எங்கே இருந்தது?

ஒருவேளை அது இப்போதுதான் வன்னியில் இருக்கின்றது. கண்ணிவெடி என்பது கட்டுத் துவக்கின் தம்பி. நிரப்பியவன் போய்விடுவான், அது காத்திருக்கும். 2017 டிசெம்பரிலே இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றும் பணியோ இன்னும் முற்றுப்பெறவில்லை. யார் புதைத்ததென்று கேளாமல், வெயிலில் முழந்தாளிட்டு, அடியடியாக மண்ணைச் சுரண்டும் அப்பணியில் வன்னிப் பெண்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். வேறு யாரோ துவக்கியதை அவர்கள் முடித்து வைக்கின்றனர்.

சென்ற ஆண்டு மாமா கொழும்புக்கு வந்தார். சுட்டு முடித்த .38 கோது ஒன்றை எனக்கு நினைவுப் பொருளாகக் கொண்டுவர எண்ணியிருந்தாராம். வருமுன்னரே தொலைபேசியில் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

“வெறும் கோதுதானக்கா.”

“உனக்கென்ன விசரோ? கட்டுநாயக்காவில வெறும் எண்டு ஆர் நம்புவினம்?”

கோது வரவில்லை. மாமா வந்த இரவில் உணவருந்திக் கொண்டிருக்கையில், 2008ஆம் ஆண்டின் விளையாட்டுத் துவக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் இரண்டு நாள் அழுததை அப்பா சொல்லிச் சிரித்தார். அப்போது, இவ்வளவு காலமும் நான் கேட்க நினையாத ஒன்றைக் கேட்டேன்.

“இருட்டுக்குள்ள பின்னால போய் அவ்வளவு நேரம் என்னம்மா செய்தனீங்கள்? எறியிறதுக்கு ஒரு நிமிசம் காணுமே?”

அம்மா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: “அதுக்குள்ள கேப்புச் சுருள் கிடந்ததல்லே. அதை இழுத்தெடுத்து வாளித் தண்ணிக்குள்ள ஊறப்போட்டிட்டுத்தான் எறிஞ்சனான். வாய்க்காலுக்க இறங்கிற பொடியள் ஆரும் எடுத்தால் கையில வெடிச்சிடும் எண்டு பயந்தன்.”

மாமா உண்பதை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். கதவு தட்டப்படும் ஓசை அணுகிக்கொண்டிருந்த அந்த இருளிலே, தன் பிள்ளைக்காக அஞ்சி நின்ற ஒரு பெண், முகமறியாத பிள்ளைகளுக்காகவும் ஒரு தகரத் துவக்கை வெறுமையாக்கியிருக்கின்றார். அம்மப்பாவின் மகளல்லவா?

“வெளிச்சம் தெரியுது” என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. அம்மாவின் கோப்பையில் இன்னும் சிறிது குழம்பு ஊற்றினேன்.